லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யாது என்பவர்களுக்கு

குருசுக்குப்பத்தில் என் அத்தை ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். வீட்டுத் திண்ணையை அடைத்து ஷட்டர் போட்டது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், லேமினேஷன் மெஷின், கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய். கடல் இரண்டு தெரு தள்ளி. இரும்பில் செய்த எதுவும் அங்கே ஐந்து வருடம் தாண்டுவது கஷ்டம். அந்த பிரிண்டர் மட்டும் ஒன்பது வருடம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்கு வருபவர்கள் பலவகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்துக்கு ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் எடுக்க வருவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பத்துப் பெரியவர்கள் பென்ஷனுக்கான வாழ்வுச் சான்றிதழை அச்செடுக்க வருவார்கள். ஹால் டிக்கெட்டோடு பிள்ளைகள் காலை ஏழு மணிக்கே ஷட்டரைத் தட்டுவார்கள். "டிஜிட்டல் இந்தியா"வின் கடைசி நூறு மீட்டர் ஒரு ஏ4 தாள்தான் என்பதை அத்தை கடையில் அரைமணி உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அத்தையின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது, பழைய புராசசர். ஆனால் மெஷினில் ஒரு குறையும் இல்லை. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், பத்து வருடமாக லினக்ஸில் வேலை பார்ப்பவன். "புது கம்ப்யூட்டரெல்லாம் வேணாம் அத்தை, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பிரவுசர் வந்தது, வாட்ஸப் வெப் வந்தது, தமிழ் தட்டச்சு வந்தது. வேகம்கூட முன்பைவிட நன்றாக இருந்தது. அத்தைக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பிரிண்டர் மட்டும் வரவில்லை.

பட்டியலில் பெயர் வந்தது. டெஸ்ட் பேஜ் கொடுத்தேன். பச்சை விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இந்த ரக பிரிண்டரைப் பல கம்பெனிகள் விற்றிருக்கின்றன, ஒருவரை மட்டும் திட்டி மற்றவர்களைத் தப்பவிட எனக்கு விருப்பம் இல்லை. அவர்கள் தளத்தில் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு 32-பிட் காலத்தில் செய்துவிட்டு மறந்துபோன டிரைவர். சேவை மையத்துக்கு போன் போட்டேன். "லினக்ஸ் சப்போர்ட் இல்ல சார். விண்டோஸ் போட்டுக்கோங்க." மூன்று ராத்திரி போராடினேன். மூன்று பகல் கடையில் பிரிண்ட் இல்லை. ஹால் டிக்கெட் எடுக்க வந்த ஒரு பெண் முத்தியால்பேட்டைக்கு ஓடினாள். நான்காம் நாள் காலை அத்தை சொன்னார்: "பிரிண்டர் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி. நீ என்னமோ பண்ணிட்டே."

ஆபீஸில் சொன்னபோது நண்பன் சிரித்தான். "லினக்ஸ் போட்டா அப்படித்தான்டா."

அந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை. அந்த இடத்தில் நானும் தலையாட்டினேன் என்பதால் ஓரளவு எனக்கு எதிராகவும்.

*

"லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யாது" என்ற வாக்கியத்தில் எழுவாய் தவறு. அந்த பிரிண்டர்தான் லினக்ஸோடு பேச மறுக்கிறது. வெறும் இலக்கண விளையாட்டாக இதைச் சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் யார் நிற்க வேண்டும் என்ற கேள்வி இது.

பிரிண்டருக்கு ஒரு மொழி தேவை. பக்கத்தில் எந்த எழுத்து எங்கே விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும், பிரிண்டருக்கு அது புரிய வேண்டும். 1984இல் அடோபி போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் எச்பி தன் பிசிஎல் மொழியைக் கொண்டுவந்தது. இரண்டுமே கம்பெனிச் சரக்குதான், ஆனால் அவற்றின் இலக்கணம் வெளியே கிடைத்தது. அந்த மொழிகள் தெரிந்த எந்தக் கம்ப்யூட்டரும் அந்த பிரிண்டர்களோடு பேசலாம். ஆனால் அந்த மொழியைப் புரிந்துகொள்ள பிரிண்டருக்குள் ஒரு புராசசரும் போதுமான நினைவகமும் வேண்டும். அதற்குச் செலவு ஆகும்.

தொண்ணூறுகளில் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. மூளையைப் பிரிண்டரிலிருந்து எடுத்துவிடுவோம். கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரே போடட்டும், பிரிண்டர் புள்ளிகளை மட்டும் வாங்கித் தாளில் கொட்டட்டும். பிரிண்டர் மலிவாயிற்று. ஒரு கணக்கில் நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் புள்ளிகளை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்பது கம்பெனிக்கு மட்டும் தெரிந்த ரகசியமாகிவிட்டது. அதற்கான டிரைவரை விண்டோஸுக்கு எழுதினார்கள். மற்றவர்களுக்கு மனம் இருந்தால் எழுதினார்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டார்கள்.

எச்பி லேசர்ஜெட் 1020 ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர் எல்லாவற்றிலும் பார்க்கக் கிடைத்த சின்னப் பெட்டி. அதை அணைத்தால் தன் ஃபர்ம்வேரை மறந்துவிடும். ஒவ்வொரு முறை உயிர்ப்பிக்கும்போதும் கம்ப்யூட்டர் அதற்குப் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும். லினக்ஸில் அதை ஓடவைத்தது ரிக் ரிச்சர்ட்சன் என்ற புரோகிராமர். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவே ஓடும் தரவைப் பார்த்துப் பார்த்து, அந்த மொழியை அவரே ஊகித்து டிரைவர் எழுதினார். ஆவணம் இருந்தால் சில நாளில் முடியக்கூடிய வேலைக்கு ஒரு மனிதர் கல்வெட்டு படிப்பவர் மாதிரி உட்கார வேண்டியிருந்தது. இங்கே கல்வெட்டை எழுதியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

"லாபம் இல்லாம கம்பெனி எதுக்கு லினக்ஸுக்கு டிரைவர் எழுதணும்?" என்று கேட்பீர்கள். எழுத வேண்டாம். யாரும் அதைக் கேட்கவில்லை. உங்கள் பெட்டி என்ன மொழி பேசுகிறது என்று ஒரு பிடிஎஃப் போடுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்பதுதான் கோரிக்கை. காசு கொடுத்து வாங்கிய பொருளோடு எப்படிப் பேசுவது என்பது வாங்கியவருக்குத் தெரியக் கூடாத ரகசியமா?

*

கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்டால்மன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது போல. நானும் சொல்லிவிடுகிறேன். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அடிக்கடி தாள் சிக்கும். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அது கையிலிருந்த கார்னகி மெலன் ஆய்வாளர் ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். வெளியிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்தார். 1983 செப்டம்பர் 27 அன்று ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார்.

இந்தக் கதையை எங்கள் ஆட்கள் புராணம் மாதிரி சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. உலகத்தை மாற்றப் போகிறேன் என்று அவர் அந்த ஆய்வாளரைத் தேடிப் போகவில்லை. தாள் சிக்கியது, சரிசெய்யத் தெரியும், சரிசெய்ய விடவில்லை. அவ்வளவுதான். அத்தை கடையில் நடந்ததும் அதுதான்.

இப்போது எங்கள் ஆட்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். லினக்ஸ் ஆர்வலர் யாரிடமாவது போய் "பிரிண்டர் வரல" என்று சொல்லிப் பாருங்கள். முதல் பதில், "வாங்கறதுக்கு முன்னாடி செக் பண்ணலையா?" என்பது. சரியான பதில், அதே சமயம் இரக்கமில்லாத பதில். ஒன்பது வருடத்துக்கு முன்பு என் அத்தை எதைச் செக் செய்திருக்க முடியும்? நேரு வீதிக் கடையில் விலை கேட்டார், டோனர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார், வாங்கினார். அட்டைப்பெட்டியில் "இந்தச் சாதனம் ரகசிய மொழி பேசும்" என்று எழுதியிருக்கவில்லை. சிகரெட் பெட்டிக்கு எச்சரிக்கைப் படம் கேட்கும் நாட்டில் இதற்கு ஒரு வரி கேட்க நமக்குத் தோன்றியதில்லை. நுகர்வோரின் அறியாமையைக் கேலி செய்யும் இயக்கம் கம்பெனிக்குச் செலவில்லாத வக்கீல்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிண்டர் விஷயத்தில் எங்களைப் பெருமளவு காப்பாற்றியது பிரச்சாரம் இல்லை, போன். போனில் டிரைவர் நிறுவ இடமில்லை. 2010 நவம்பரில் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தது. டிரைவர் எதுவும் இல்லாமலே பொதுவான நெறிமுறையில் போன் பேசும், பிரிண்டர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கோடிக்கணக்கான ஐபோன்களை இழக்கப் பயந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. 2013இல் ஆண்ட்ராய்டு பக்கத்துக்காக மோப்ரியா என்ற கூட்டமைப்பு வந்தது. ஐபிபி எவ்ரிவேர் என்ற திறந்த தரமும் அதே வருடம் வந்தது. லினக்ஸில் அச்சடிக்க உதவும் கப்ஸ் என்ற மென்பொருளை 1997இல் தொடங்கியவர் மைக்கேல் ஸ்வீட். அதே கப்ஸ்தான் 2002 முதல் மேக்கிலும் ஓடுகிறது. ஆகவே ஐபோனுக்குப் புரியும் பிரிண்டர் பெரும்பாலும் லினக்ஸுக்கும் புரிகிறது. இருபது வருடம் கெஞ்சியும் திறக்காத கதவு பணக்காரப் பையன் தட்டியதும் திறந்தது. கதவு திறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். யாருக்காகத் திறந்தது என்பதை மறக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவே.

விண்டோஸ்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. ரகசிய மொழி பேசும் பெட்டிகளுக்கு அங்கேயும் நாள் எண்ணப்படுகிறது.

*

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், இலக்கிய இதழில் எதற்கு?" என்று முகம் சுளிக்கும் நண்பருக்கு ஒரு பழைய கணக்கை நினைவுபடுத்துகிறேன். தொண்ணூறுகளில் தமிழ்த் தட்டச்சு எப்படி இருந்தது? ஆளுக்கொரு எழுத்துரு, கம்பெனிக்கொரு குறியேற்றம். ஒருவர் அனுப்பிய கவிதை இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாக விழும். பாமினியில் அடித்த நாவலை இன்னொரு எழுத்துருவில் திறந்தால் கெட்ட வார்த்தை மாதிரி தெரியும். 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. பிறகு ஒருங்குறி வந்து நிலைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இன்று நீங்கள் இந்தக் கட்டுரையை எந்த போனிலும் படிக்க முடிவதற்குக் காரணம், எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது எந்தக் கம்பெனியின் ரகசியமும் இல்லை என்பதுதான். அந்தச் சண்டையைத் திரையில் ஜெயித்துவிட்டோம். தாளில் பாக்கி இருக்கிறது.

அச்சு இயந்திரத்தின் மேல் யாருக்கு உரிமை என்ற கேள்வி பாண்டிச்சேரிக்குப் புதிதும் இல்லை. 1761 ஜனவரியில் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்தபோது, கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஓட்ட ஆள் வேண்டும். வேப்பேரியில் இருந்த ஃபப்ரீசியஸ் பாதிரியாரிடம் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: கம்பெனி அரசுக்கு அச்சு வேலை வரும்போது அதைச் செய்து கொடுக்க வேண்டும். அந்த வேப்பேரி அச்சகத்திலிருந்துதான் 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வந்தது. நல்ல காரியம் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் "மெஷின் உன் வீட்டில் இருக்கும், சொல்பேச்சு எங்களுடையது" என்ற ஏற்பாட்டை இந்த ஊர் இயந்திரம் அன்றே பார்த்துவிட்டது. 1908இல் பாரதியின் 'இந்தியா' பத்திரிகை சென்னையிலிருந்து தப்பி வந்து இங்கே அச்சானது. பிரெஞ்சு மண்ணில் அச்சடிப்பதைத் தடுக்க முடியாத ஆங்கில அரசு, பத்திரிகை தன் எல்லைக்குள் நுழைவதைத் தடுத்தது. 1910இல் பத்திரிகை நின்றது. மெஷினை உடைக்கவே வேண்டியதில்லை, மெஷினுக்குப் போகும் வழியையோ அதிலிருந்து வரும் வழியையோ பிடித்தால் போதும்.

இன்றைய கம்பெனிகளுக்கு அது நன்றாகத் தெரியும். 2016 செப்டம்பரில் எச்பியின் சில இங்க்ஜெட் பிரிண்டர்கள், வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நேரத்தில் ஏற்க மறுத்தன. முன்பே அனுப்பிய ஃபர்ம்வேருக்குள் அந்த மறுப்பு காத்திருந்தது. கண்டனம் எழுந்த பிறகு, தடையை நீக்கும் இன்னொரு ஃபர்ம்வேரை வேண்டுபவர்களுக்கு எச்பி கொடுத்தது. 2017இல் லெக்ஸ்மார்க் வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு காப்புரிமையைக் காட்டி அதன் மறுபயன்பாட்டைத் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்றுவிட்டால் விற்றதுதான். இதைச் சொல்ல ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்படுகிறது என்பதே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று காட்டுகிறது.

நான் உத்தமன் இல்லை. என் முதல் வேலையில், சந்தா முடிந்த வாடிக்கையாளரின் மென்பொருளில் ஏற்றுமதிப் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கும் நிரலை எழுதியவன் நான். அவருடைய தரவு, அவருடைய கம்ப்யூட்டர், என்னுடைய பூட்டு. "ரெக்வயர்மென்ட் அப்படி" என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் என்னைப் போல மாத இஎம்ஐ கட்டும் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் ஜெராக்ஸ் கடை வைத்த ஓர் அத்தை இருக்கலாம்.

*

சரி, என்ன செய்ய வேண்டும்?

தனியாளாகச் செய்யக்கூடியது எளிது. பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா முத்திரை இருக்கிறதா பாருங்கள். அலுவலக ரகமென்றால் விவரப் பட்டியலில் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற சொற்களைத் தேடுங்கள். "விண்டோஸ்" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். பழைய மாடலென்றால் ஓபன்பிரிண்டிங் பட்டியலில் பெயரைத் தேடலாம். எச்பி தன் லினக்ஸ் டிரைவரைத் திறந்த மூலமாகவே தருகிறது, ஆனால் சில மாடல்களுக்கு அதோடு ஒரு மூடிய பிளகின்னும் கேட்கும். வாங்குமுன் அதைக் கவனியுங்கள். முடிந்தால் லினக்ஸ் போட்ட லேப்டாப்போடு கடைக்கே போங்கள். டெமோ பிரிண்டரில் வயரைச் செருகி ஒரு பக்கம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஒருநாள் பத்து பேர் இப்படிக் கேட்டால் விநியோகஸ்தருக்குச் செய்தி போகும்.

ஆனால் தனியாள் புத்திசாலித்தனத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பத்து பேர் செய்வதைவிட ஓர் அரசாணை அதிகம் செய்யும். 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவான இயங்குதளம் அது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்தார்கள் என்று உங்கள் தம்பி தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். திறந்த பிள்ளைக்குப் பள்ளி லேபில் இருந்த பிரிண்டர் வேலை செய்ததா என்றும் கேளுங்கள். இயங்குதளத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சுற்றியுள்ள பொருள்களை ரகசிய மொழியில் வாங்கினால், சைக்கிளைக் கொடுத்துவிட்டு ரோட்டைத் தோண்டிய கதைதான். அரசு வாங்கும் ஒவ்வொரு பிரிண்டரின் டெண்டரிலும் ஒரே ஒரு வரி போதும்: "திறந்த தரத்தில், தனி டிரைவர் இல்லாமல் அச்சடிக்க வேண்டும்." பள்ளி, தாலுகா ஆபீஸ், நீதிமன்றம் என்று அரசு வாங்கும் அளவுக்கு எந்தக் கம்பெனியும் பணிந்து வரும். ஐபோனுக்குப் பணிந்தவர்கள்தானே.

அத்தைக்குப் புது பிரிண்டர் வாங்கினோம். என் காசு, நான் செய்த வினை. வயரைச் செருகியதும் எதுவும் கேட்காமல் வந்துவிட்டது. இரண்டே நிமிடம். மூன்று ராத்திரிக்குப் பிறகு எனக்கு அழுகையே வந்தது, அத்தைக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. செருகினால் வர வேண்டியதுதானே என்ற முகம். அவர் முகம்தான் சரி.

பழையதை என்ன செய்வது என்று கேட்டேன். டிரம் நன்றாக இருக்கிறது, ரோலர் நன்றாக இருக்கிறது, டோனர்கூடப் பாதி பாக்கி. காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில்தான் எடுப்பேன் என்றார். அத்தை கொடுக்கவில்லை. துணி போட்டு மூடி லேமினேஷன் மெஷினுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

"நல்ல மெஷின் தம்பி. என்னைக்காவது நீ அதுங்கூடப் பேசக் கத்துக்கிட்டா சொல்லு."